வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்: பழைய தொழிற்சாலை நிலத்தில் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஊருக்கு வெளியே என்று ஒரு காலத்தில் கட்டிய தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை), பேட்டரிக் கம்பெனி, முலாம் பூசும் பட்டறை எல்லாம் இப்போது ஊருக்கு நடுவில் இருக்கின்றன. ஷாப் மூடிப் பத்து வருஷம் ஆயிற்று, வாரிசுகள் விற்கத் தயார், மெயின் ரோட்டு மனை, சென்ட் விலையும் பக்கத்து மனையைவிடக் கொஞ்சம் குறைவு. தாய் பத்திரம் சரி, பட்டா சரி, முப்பது வருஷ ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தால் ஒரு அடமானம்கூட இல்லை. வக்கீல் ஒப்பீனியன் எழுதிக் கொடுத்துவிடுகிறார், அட்வான்ஸ் கை மாறுகிறது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்த வில்லங்கத்தைப் பதிவு செய்யும் சார்பதிவாளர் அலுவலகம் எங்கேயும் இல்லை.

இந்த மாதிரி நிலத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறைய நிலத்தைச் சரிசெய்து கட்டலாம். செலவு எவ்வளவு என்று தெரிந்து, அதை விலையில் கழித்து, எந்த மூலையில் என்ன கட்டுவது என்று யோசித்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். பெட்ரோல் பங்க் இருந்த இடம், குப்பை கொட்டிய ஏரி இதற்கெல்லாம் முறை ஒன்றுதான், ரசாயனம்தான் வேறு.

படி 1: பத்திரத்தை வேறு கண்ணோடு படியுங்கள்

வக்கீல் பார்ப்பது யார் யாருக்கு விற்றார் என்பதை. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த யார் என்ன தொழில் செய்தார் என்பதை. பழைய பத்திரங்களில் "ஷெட், தொட்டி, கிணறு உள்பட" என்று சொத்து விவரத்தில் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி பெரிய தகவல். எத்தனை தொட்டி, எத்தனை கிணறு என்று குறித்துக்கொள்ளுங்கள், இன்று அவை எங்கே என்று அப்புறம் தேட வேண்டியிருக்கும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தத் தொழிலுக்குக் கொடுத்த இசைவாணை, அதாவது எல்லோரும் கன்சென்ட் என்று சொல்வது, அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். என்ன பொருள் எவ்வளவு தயாரித்தார்கள், கழிவுநீர் எங்கே போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களுக்குப் போய்ப் பாருங்கள், இன்று மண் மேடாக இருக்கும் இடம் 2004-ல் கறுப்புக் குட்டையாக இருந்திருக்கலாம். கடைசியாக, எதிரில் இருக்கும் டீக்கடை. அங்கே வேலை பார்த்த பழைய ஆள் ஒருவரைப் பிடித்தால், எந்த மூலையில் டிரம் புதைத்தார்கள் என்பது வரை அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு விசாரணையும் உண்டு. மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் பட்டியல் போட வேண்டும், வாரியம் முதலில் மேலோட்டமாகவும் பிறகு விரிவாகவும் ஆய்வு செய்ய வேண்டும், சுத்தம் செய்யும் செலவு மாசுபடுத்தியவரைச் சேரும் என்பது அதன் சாரம். நீங்கள் பார்க்கும் சர்வே எண் அந்த வரிசையில் எங்காவது நிற்கிறதா என்று வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

படி 2: ஒரு நாள் முழுக்க நிலத்தில் நடங்கள்

முடிந்தால் மழை பெய்து நின்ற இரண்டாம் மூன்றாம் நாள் போங்கள். குரோமியம் இருக்கும் மண் காயும்போது மேலே மஞ்சளாக உப்புப் பூக்கும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் எலுமிச்சைச் சாறு நிறத்தில் இருந்தால் அது ஆறாம் நிலைக் குரோமியமாக, அதாவது நீரில் கரைந்து ஓடும் நச்சு அதிகமான வகையாக, இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தண்ணீர் தெளிவாக இருப்பதால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிற அளவு அதைவிடப் பல மடங்கு மேலே.

மூடிய கிணற்றைத் தேடுங்கள், இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் வற்றிய கிணறு என்றாலே குப்பைத்தொட்டிதான். ஒருமுறை நான் பார்க்கப் போன பழைய முலாம் பட்டறையில், பத்திரத்தில் கிணறு இருந்தது, நிலத்தில் இல்லை. ஒரு வேப்பமரத்தடியில் வட்டமாக மண் ஒரு சாண் இறங்கியிருந்தது. தோண்டினால் மூன்றடிக்குக் கீழே கல் விளிம்பு, அதற்குள் பச்சை நிறத்தில் களிம்பு மாதிரிக் கசடு, நடுநடுவே கிழிந்த ரசாயனச் சாக்குகள். நிலத்தடி நீருக்கு நேராக ஒரு குழாய் வைத்து விஷத்தை ஊற்றியது போலத்தான் அது. மீதி நிலம் முழுக்கச் சோதித்திருந்தாலும் "பிரச்சினை இல்லை" என்று அறிக்கை வந்திருக்கும்.

மற்றபடி டிரான்ஸ்ஃபார்மர் நின்ற மேடை, டீசல் டேங்க், ஊறல் குழிகள், கழிவுநீர் காயவைத்த பாத்திகள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒன்றுமே முளைக்காத திட்டுகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். பழைய கசடுத் தொட்டிக்குள் மட்டும் இறங்காதீர்கள், மூடியைத் திறந்து எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். தோல் கழிவில் சல்ஃபைடு இருக்கும், கிளறினால் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஆளை அங்கேயே சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் சேர்ந்து போவதைத்தான் செய்திகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

படி 3: விஷம், வழி, ஆள்

ஒரு தாளில் நிலத்தின் குறுக்குவெட்டை வரையுங்கள். மேலே நிரப்பிய மண், கீழே களிமண்ணோ மணலோ, அதற்கும் கீழே சிதைந்த பாறை, பிறகு வெடிப்புள்ள பாறை, தண்ணீர் மட்டம், பக்கத்து வீட்டு போர்வெல். விஷம் எங்கே இருக்கிறது, எந்த வழியாக நகரும், யாரைப் போய்ச் சேரும் என்ற மூன்றையும் கோடு போட்டு இணையுங்கள். மூன்றில் ஒன்றை அறுத்தாலே ஆபத்து நின்றுவிடும். முழு நிலத்தையும் தோண்டி எடுக்கத் தேவையில்லாமல் போவது இந்தப் படத்தால்தான்.

வட மாவட்டங்களில் கவனிக்க வேண்டியது பாறை வெடிப்பு. மணலில் மாசு எந்தத் திசையில் பரவும் என்று ஓரளவு கணிக்கலாம். வெடிப்புப் பாறையில் அது பக்கத்து போரை விட்டுவிட்டு நானூறு அடி தள்ளியிருக்கும் போரில் எட்டிப் பார்க்கும்.

படி 4: மாதிரி எடுப்பது

இங்கேதான் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஒரு ஏக்கரில் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டால் சுமார் 10 புள்ளிகள் வரும். நான் சொன்ன கிணறு மாதிரி ஐந்து மீட்டர் அகலமுள்ள ஒரு குழி இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் சுகமாக ஒளிந்துகொள்ளும். அதனால் கட்டம் ஒரு பக்கம், சந்தேக இடங்கள் இன்னொரு பக்கம், இரண்டிலும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் மேல்மண், அரை மீட்டர், ஒன்றரை மீட்டர், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே என்று பல ஆழங்களில் எடுங்கள். தொழிலே நடக்காத பக்கத்து நிலத்திலும் ஒன்றிரண்டு எடுங்கள், இல்லாவிட்டால் இயற்கையாக இருப்பது எவ்வளவு, தொழிற்சாலை சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

அஸ்திவாரத்துக்கு எப்படியும் மண் பரிசோதனை போர் போடுவீர்கள், அதே மெஷினில் இதையும் எடுத்துவிடலாமே என்று பில்டர்கள் கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் பென்டோனைட் சேறு (துளை சரியாமல் இருக்க ஊற்றும் களிமண் கரைசல்) ஊற்றி ஓட்டிய போரில் வரும் மாதிரி இதற்கு உதவாது. வேலை முடிந்ததும் அந்த ஓட்டையைச் சிமென்ட் கலவையால் கீழிருந்து மேல்வரை அடைக்கவும் வேண்டும். அடைக்காமல் விட்டால் மேலே இருக்கும் அழுக்கு கீழே இறங்க நீங்களே காசு கொடுத்து வழி போட்டதாகிவிடும்.

பெட்ரோல், கரைப்பான் சந்தேகம் இருந்தால் மாதிரியைப் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். லேப் போய்ச் சேர்வதற்குள் பென்சீன் பறந்துவிடும், அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வரும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டி, ஐஸ் பெட்டி, எடுத்த நேரம் எழுதிய சீட்டு இவை மூன்றும் வேண்டும். பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே சாம்பிளாக அனுப்புவதும் வேண்டாம், ஒரு மோசமான இடத்தை ஒன்பது நல்ல இடங்கள் மறைத்துவிடும்.

குரோமியத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம், அது அவ்வளவாக நகராது, நச்சும் குறைவு. ஆறாம் நிலை அப்படியில்லை, நீரில் கரைந்து ஓடும், தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோயைத் தரும். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை வளாகத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல் கழிவு மலையாகக் கிடந்தது இந்த ரகம், ஏனென்றால் அங்கே நடந்தது தோல் பதனிடுவதல்ல, பதனிடுவதற்கான ரசாயனத்தைத் தாதுவிலிருந்து தயாரிப்பது. ஆகவே லேபில் "மொத்தக் குரோமியம்" மட்டும் கேட்டு வாங்காமல் ஆறாம் நிலையைத் தனியாகக் கேளுங்கள். எடுத்த மாதிரி தண்ணீராக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய தோல் ஷாப் ஆளுங்க தோல் துண்டுகளைக் குவித்து எரித்த இடம் இருந்தால் அங்கேயும் எடுங்கள், சூட்டில் மூன்றாம் நிலை ஆறாம் நிலையாக மாறும்.

நிலத்தடி நீரை மழைக்கு முன் ஒரு தரம், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு தரம் பாருங்கள். ஆறு மாதம் காத்திருக்க முடியாது என்பார்கள். பேஸ்மென்ட் தோண்டிய பிறகு மஞ்சள் தண்ணீர் ஊறினால் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டிவரும் என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 5: எண்ணை வைத்து முடிவெடுப்பது

அறிக்கை வந்ததும் "பாஸா ஃபெயிலா" என்று கேட்பது வழக்கம். அப்படி ஒரு எண் கிடையாது. குழந்தைகள் மண்ணில் விளையாடும் வீட்டுக்கு ஒரு அளவு, கான்கிரீட் போட்டு மூடிய கோடவுனுக்கு வேறு அளவு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடிய பிறகு, மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்பதில் வருஷக்கணக்காகச் சண்டை நடந்தது. 20 மில்லிகிராம் என்றது ஒரு தரப்பு, சோலைக்காட்டுக்கும் ஓடைக்கும் பக்கத்தில் அந்த அளவு மிக அதிகம் என்றார்கள் எதிர்த்தவர்கள். எதற்கான நிலம், கீழே என்ன இருக்கிறது என்று கேட்காமல் எண்ணை மட்டும் பேசினால் அந்தச் சண்டை முடியாது.

அதனால் லேப் அறிக்கையையும் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மோசமான மூலையில் பூங்கா, தோட்டம், தண்ணீர் சம்ப் வேண்டாம், கார் நிறுத்துமிடத்தை அங்கே நகர்த்துங்கள். வரைபடத்தில் ஒரு சதுரத்தை நகர்த்துவதற்குப் பைசா செலவில்லை. ஆனால் கட்டுமான அனுமதிக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டும், அப்புறம் நகராது.

படி 6: சுத்தம் செய்யும் வழிகள், என் அபிப்பிராயத்தோடு

வெட்டி எடுத்து அனுப்புவது எல்லோருக்கும் புரிகிற வழி. கணக்கைப் பாருங்கள்: ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் 4,000 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 7,000 டன், லாரிக்கு 20 டன் ஏற்றினாலும் 350 லோடு. அபாயக் கழிவு என்று வகைப்பட்டால் கும்மிடிப்பூண்டி மாதிரி அனுமதி பெற்ற கிடங்குக்கே போக வேண்டும். சின்னத் திட்டு, கிணற்றுக் கசடு, டேங்க் அடி மண் இவற்றுக்கு இதுதான் சிறந்தது. முழு நிலத்துக்கும் கட்டுப்படியாகாது.

ஆறாம் நிலைக் குரோமியத்தை அங்கேயே மூன்றாம் நிலைக்கு இறக்கலாம். ஃபெரஸ் சல்ஃபேட் கலப்பது பழைய வழி. சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகை நிலத்தடியில் செலுத்தி, அதைத் தின்னும் நுண்ணுயிர்களை வைத்து மாற்றுவது இன்னொன்று. இரண்டுமே வேலை செய்யும், ஆனால் தாதுக் கழிவே கட்டிகட்டியாகப் புதைந்திருந்தால் உள்ளிருந்து மறுபடி கசியும், ஒரு தரம் கலந்துவிட்டு "முடிந்தது" என்று கிளம்ப முடியாது. இந்தக் கழிவுக்கு இன்னொரு குணமும் உண்டு, ஈரம் பட்டால் உப்பும். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி பக்கம் இதை நிரப்பு மண்ணாகப் போட்டு மேலே கட்டிய இடங்களில் தரை தூக்கியது, அடித்தளச் சுவரில் மஞ்சள் படிகம் கசிந்தது.

பெட்ரோல், டீசல் கசிந்த மண்ணுக்குக் காற்றை உறிஞ்சியெடுக்கும் முறையும், காற்றைச் செலுத்தி நுண்ணுயிரைத் தின்ன வைக்கும் முறையும் நன்றாகவே பலன் தரும். வெட்டிவேர் நட்டால் உறிஞ்சிவிடும் என்று சொல்லி வருகிறவர்களிடம் எத்தனை வருஷம் ஆகும் என்று கேளுங்கள். கட்டடம் கட்டும் அவசரத்துக்கு அது ஒத்துவராது, ஓரத்தில் மண் அரிக்காமல் இருக்க நடலாம்.

படி 7: வேலை நடக்கும் நாட்கள்

பெரிய தவறுகள் நடப்பது இந்த நாட்களில்தான், அதிலும் முதல் தவறு வெட்டிய மண்ணை விற்பது. ஜேசிபி இறங்கிய அன்றைக்கே "சார், மண்ணு குடுக்குறீங்களா" என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்த மண் மூன்று தெரு தள்ளி ஒருவர் வீட்டு அஸ்திவாரத்துக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ போகும். ஒரு நிலத்துப் பிரச்சினை பத்து நிலத்துப் பிரச்சினையாவது இப்படித்தான். வெட்டிய மண்ணை அடியில் கனமான ஷீட், மேலே தார்ப்பாய் போட்டுக் குவியல் குவியலாக எண் கொடுத்து வையுங்கள், லேப் அறிக்கை வரும்வரை ஒரு கூடைகூட வெளியே போகக் கூடாது. அபாயக் கழிவு லாரியோடு அபாயக் கழிவுக்கான 2016 விதிகளின் படிவம் 10 என்ற வழிச்சீட்டு போக வேண்டும், போய்ச் சேர்ந்ததற்கான நகல் திரும்பி வந்து உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கும் நிரப்பு மண்ணையும் சோதியுங்கள், அதுவும் யாரோ ஒருவர் வெட்டி விற்றதுதான்.

இரண்டாவது, பேஸ்மென்ட் தண்ணீரை இறைப்பது. நீங்கள் மோட்டார் போட்டு இறைக்க இறைக்க, பக்கத்து நிலத்துக்கு அடியில் இருக்கும் மாசும் உங்கள் குழியை நோக்கி வரும். அந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட்டால் ஏரிக்குப் போகும், பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். முடிந்தால் பேஸ்மென்ட்டையே கைவிடுங்கள். பைல் (ஆழத்துக்கு இறக்கும் அஸ்திவாரத் தூண்) போடும்போதும் நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் அதைத் துளைத்து மேல் அழுக்கைக் கீழே இறக்காத முறையை வடிவமைப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, தொழிலாளர்கள். வெளியூர், வெளிமாநிலக் குடும்பங்கள் சைட்டிலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கும், குழந்தைகள் அந்த மண்ணிலேயே விளையாடும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி கடைசியில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பழைய தொட்டிச் சுவரை நம்பி அதன் நிழலில் யாரையும் தங்க வைக்காதீர்கள், முடிந்தால் தங்குமிடத்தை நிலத்துக்கு வெளியே வையுங்கள். சாப்பிடும் இடம் தனியாக, கை கால் கழுவ வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், சைட் செருப்பு சைட்டோடு. காய்ந்த மண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை, அந்தத் தண்ணீரும் உள்ளூர் போர்த் தண்ணீராக இருக்கக் கூடாது.

பழைய டீசல், பெட்ரோல் டேங்கை வாயு நீக்கிச் சோதிக்காமல் கட்டரால் வெட்டினால் வெடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சம்மட்டியால் தட்டாமல், நனைத்து முழுதாக இறக்குங்கள்.

படி 8: கட்டடம் எழும்பும்போது

தோல் ஷாப் நிலத்தில் உப்பு இருக்கும், தோலைப் பதப்படுத்தக் கொட்டிய உப்புதான். அது சுவரில் பூத்து, பூச்சை உதிர்த்து, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். குளோரைடு, சல்ஃபேட் அளவைக் கட்டுமான இன்ஜினியரிடம் கொடுத்து, சிமென்ட் வகையையும் கம்பிக்கு மேல் வரும் கான்கிரீட் கனத்தையும் அதற்கேற்ப முடிவு செய்யச் சொல்லுங்கள்.

எண்ணெய், கரைப்பான் இருந்த நிலத்தில் ஆவி தரை வழியாக வீட்டுக்குள் ஏறும். நம் ஊர் ஸ்டில்ட் பார்க்கிங் இதற்கு ஓசியில் கிடைத்த மருந்து, நாலு பக்கமும் திறந்திருப்பதால் ஆவி காற்றில் போய்விடும். ஆனால் லிஃப்ட் குழி அதே ஆவியை நேராக நாலாவது மாடிக்கு ஏற்றும், அந்தக் குழியைத் தனியாக அடைத்துக் கட்டுங்கள். குப்பை மேட்டுப் பக்கம் என்றால் மீத்தேன். இங்கிலாந்தில் லோஸ்கோ என்ற ஊரில் 1986-ல் காற்றழுத்தம் சட்டென்று இறங்கிய ஒரு காலையில், பழைய குப்பை மேட்டிலிருந்து நகர்ந்து வந்த வாயு ஒரு வீட்டையே தரைமட்டமாக்கியது.

தண்ணீர்க் குழாயும் கவனத்தில் இருக்கட்டும். பெட்ரோல் வகை ரசாயனம் சாதாரணக் கறுப்பு பிளாஸ்டிக் குழாயின் சுவருக்குள்ளேயே ஊடுருவிக் குடிநீரில் சேரும். மாசு திட்டு வழியாகக் குழாய் போகாமல் சுற்றி எடுங்கள், முடியாவிட்டால் உலோகக் குழாய் போடுங்கள்.

இப்போது மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது, நல்ல விஷயம். ஆனால் குரோமியம் இருக்கும் மண்ணில் உறிஞ்சு குழி வெட்டி, மொட்டை மாடித் தண்ணீரை எல்லாம் அதில் விட்டால், ஒவ்வொரு மழையும் விஷத்தைக் கழுவி நிலத்தடிக்கு இறக்கும். சட்டத்தை மீறவும் வேண்டாம். தண்ணீரைச் சம்பில் தேக்கிப் பயன்படுத்துங்கள், மிச்சத்தைச் சோதித்துச் சுத்தம் என்று தெரிந்த மூலையில் மட்டும் இறக்குங்கள்.

படி 9: ஒப்படைப்பது

சுத்தம் செய்த குழியின் அடியிலும் பக்கங்களிலும் மறுபடி மாதிரி எடுத்து, அதன் அறிக்கை கைக்கு வந்த பிறகே மூடுங்கள். கண்காணிப்புக் கிணறுகளைப் பார்க்கிங்குக்கு அடியில் புதைத்துவிடாமல் மூடி போட்டு விடுங்கள், சில வருஷத்துக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

எழுதி வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். நயாகரா அருகே லவ் கனாலில், சுமார் 20,000 டன் ரசாயனம் புதைத்த நிலத்தை 1953-ல் ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்கு விற்றார்கள். புதைத்திருக்கிறோம் என்று பத்திரத்திலேயே எழுதியும் இருந்தார்கள். அப்புறம் பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன, சாக்கடை தோண்டியவர்கள் களிமண் மூடியைக் கிழித்துக்கொண்டு போனார்கள். 1978-ல் அவசரநிலை அறிவித்து மக்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பத்திரத்தில் ஒரு வரி இருப்பதும், மண்வெட்டி பிடிக்கிறவருக்கு அது தெரிவதும் வேறு வேறு.

ஆகவே எந்த இடத்தில் என்ன விட்டுவைத்திருக்கிறோம், எவ்வளவு ஆழத்தில், எங்கே போர் போடக் கூடாது, எங்கே தோண்டக் கூடாது என்று ஒரே பக்கத்தில் தமிழில் வரைபடமாகப் போட்டுக் கிரயப் பத்திரத்தோடு இணையுங்கள், அசோசியேஷன் கோப்பில் ஒன்று வையுங்கள், இன்னொன்றை லேமினேட் செய்து மோட்டார் ரூம் சுவரில் மாட்டுங்கள். பிளம்பரும் போர்க்காரரும் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான்.